வலி மாத்திரை: ஒரு நாளைக்கு எத்தனை?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறார். முதுகுவலிக்குத் தெருமுனை மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரையை மாதக்கணக்கில், விடியற்காலையில் வெறும் டீயோடு போடுகிறார். அதில் டைக்ளோஃபெனாக் இருக்கிறதாம். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?
– வாசகி, காசிமேடு

பதில்: டைக்ளோஃபெனாக் 50 மி.கி. என்றால் பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்து, சில நாட்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் கூடவே கூடாது, அம்மா.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பொட்டலம்தான். பெயரும் இல்லை, அளவும் இல்லை. அதிலேயே அசிக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ இன்னொன்றாக இருந்தால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாக உள்ளே போகும். வலி அதிகமாகக் குறையாது, வயிறுதான் புண்ணாகும். சிலர் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதனால் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். இனிமேல் பெயர் தெரிகிற அட்டையாகவே வாங்குங்கள்.

வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை டைக்ளோஃபெனாக் தடுக்கிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரைக் காப்பாற்றுகிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் வலி ஊசி போட்டாலும் வயிறு தப்பாது. டாக்டர் இதையே தொடரச் சொன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகு போடட்டும், மாத்திரையை உடைக்காமல் முழுசாக விழுங்கட்டும்.

பிரஷர் மாத்திரையின் பெயரையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை பிரஷரையே ஏற்றிவிடும். டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையும் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர், வெயிலில் வேர்த்துக் கொட்டித் தண்ணீரும் குடிக்காமல் கூடை தூக்கிக்கொண்டு இதையும் போட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவசியம். வலிக்கு வேறு வழி இருக்கிறது, பாராசிட்டமால், மேலே தடவும் ஜெல், முதுகுக்கான உடற்பயிற்சி என்று அவர் உடம்புக்கு ஏற்றதை டாக்டர் சொல்வார்.

மலம் தார் மாதிரி கறுத்தாலோ, ரத்த வாந்தி, நெஞ்சுவலி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அப்புறம், மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்புவலி வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை வீட்டில் யாரும் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம்.