வாசகர் கேள்விகள்: ஹார்லெமில் கொட்டு கற்பித்தவர்

கேள்வி: கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் பங்கேற்ற 'பிளானட் டிரம்' இசைத்தட்டின் கலைஞர் பட்டியலில் பாபாதுண்டே ஒலாதுஞ்சி என்ற பெயரைக் கண்டேன். அவரை வாத்தியக் கலைஞர் என்பதைவிட ஆசிரியர் என்றே பலரும் போற்றுவது ஏன்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நைஜீரியாவின் பதாக்ரிக்கு அருகே அஜிடோ என்ற மீனவக் கிராமத்தில் 1927 ஏப்ரல் 7 அன்று பிறந்த ஒலாதுஞ்சி, இசையை நம்பி அமெரிக்காவுக்குப் போனவர் அல்லர். ரோட்டரி உதவித்தொகை பெற்று 1950இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்தபோது, தூதரகப் பணிக்குச் செல்வதே அவர் விருப்பமாக இருந்தது. ஆனால் உடன் படித்த கறுப்பின மாணவர்களே, உங்கள் ஊர்த் தெருவில் சிங்கம் திரியுமா என்கிற ரீதியில் கேட்டதைக் கண்டு, தம் மண்ணின் பாட்டையும் கொட்டையும் அவர்களுக்குக் காட்டத் தொடங்கினார். அவருடைய ஆசிரியப் பணி உண்மையில் அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

கொலம்பியா நிறுவனம் 1960இல் வெளியிட்ட 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' இசைத்தட்டு அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. அதன்பின் அவர் கச்சேரிகளோடு நின்றுவிடாமல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125ஆவது தெருவில் ஆப்பிரிக்கப் பண்பாட்டு மையம் ஒன்றை நிறுவி, அக்கம்பக்கத்து மக்களுக்குக் கொட்டும் ஆட்டமும் பயிற்றுவித்தார். அந்த முயற்சிக்குத் துணைநின்ற சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேன், 1967 ஏப்ரல் 23 அன்று அங்கேயே வந்து வாசித்தார். மூன்று மாதத்துக்குள் மறைந்தும் போனார். அக்கச்சேரியின் பதிவு 2001இல் வெளிவந்தது. ஒலி இரைச்சலாகத்தான் இருக்கும், பொறுமையுள்ளவர்கள் கேட்கலாம்.

கேள்வி: தாள அடிகளைச் சொற்களாக்கிச் சொல்லும் நம் சொற்கட்டைப் போல அவரும் வாயால் சொல்லிக் கற்பித்தார் என்கிறார்களே, உண்மையா? (அதே வாசகர்)

பதில்: உண்மைதான். ஆட்டுத்தோல் போர்த்திய, கோப்பை வடிவிலான ஜெம்பேயில் உள்ளங்கையை நடுவில் பதித்தால் எழும் கனத்த ஒலி 'குன்'. விரல்களை விளிம்போரம் தட்டினால் 'கோ'. விளிம்பில் சுரீரென அறைந்தால் 'பா'. இவை மூன்றும் வலக்கைக்கு உரியவை. இதே அடிகளை இடக்கையால் அடித்தால் முறையே 'துன்', 'டோ', 'டா' என்றாகும். நம் மிருதங்கத்தில் வாயால் சொல்லும் 'தரிகிட'வுக்கும் விரல் விழும் இடத்துக்கும் உள்ள உறவு பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம், அதாவது குருவின் வழிமுறைக்கு ஏற்ப, மாறும். அதைப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் குருவின் எதிரே உட்கார வேண்டும். இவருடைய முறையிலோ, எந்தக் கை, எந்த அடி என்ற இரண்டையும் ஒரே எழுத்து சொல்லிவிடுவதால், தோல்வாத்தியத்தையே தொட்டறியாதவரும் முதல் வகுப்பிலேயே கூட்டத்தோடு சேர்ந்து கொட்ட முடிந்தது. நுணுக்கத்தில் நம் முறையே ஆழமானது என்பது என் எண்ணம்; ஆயினும் நூறு பேரை ஒரே வட்டத்தில் உட்காரவைக்க அவருடைய முறையே ஏற்றது.

நீங்கள் குறிப்பிட்ட 'பிளானட் டிரம்' 1991இல் வெளிவந்து, உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதைப் பெற்றது. தந்தை ஹரிஹர சர்மா சென்னையில் தொடங்கிய தாளவாத்தியப் பள்ளியில் தாமும் ஆசிரியராக இருந்த விக்கு விநாயக்ராமும் ஒலாதுஞ்சியும் அதில் சேர்ந்து வாசித்தது பொருத்தமான கூட்டணிதான். ஒலாதுஞ்சி தமது 76ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 2003 ஏப்ரல் 6 அன்று, கலிஃபோர்னியாவில் காலமானார்.