கத்துல்ஹுவ அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆத்துல இறங்குங்க

கேள்வி: அண்ணே, காஸ்மிக் ஹாரர் காஸ்மிக் ஹாரர்னு சொல்றாங்களேன்னு அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்டோட 'தி கால் ஆஃப் கத்துல்ஹு' கதைய எடுத்தேன், பத்துப் பக்கத்துல தூக்கம் வந்துருச்சு. கோலாலம்பூர் ரயில்ல, செந்தூல்ல ஏறி மஸ்ஜித் ஜமேக்ல மாறி கேஎல்சிசி போற நேரந்தான் படிக்க முடியும். எதுல ஆரம்பிக்கலாம்?

பதில்: தூக்கம் வர்றது நியாயந்தான் தம்பி. 1928-ல வந்த அந்தக் கதை செத்துப்போன தாத்தா முறை உறவுக்காரரோட பேப்பர், பத்திரிகைத் துண்டு, போலீஸ்காரர் சொன்னதுன்னு சுத்திச் சுத்திப் போகும், அந்த ஜந்து கடைசியிலதான் எழுந்திருக்கும், அதுக்குள்ள நீங்க ஆபீஸ் போய்ச் சேந்துருவீங்க.

நம்ம ஊரு முனி, பொந்தியானாக்ங்கிற மலாய்ப் பெண் பேய் எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்குல்ல, ஏன் வந்துச்சு, என்ன குடுத்தா போகும்னு யாராச்சும் சொல்லிருவாங்க. காஸ்மிக் ஹாரர் கதையில வர்றது மனுஷன் புத்திக்கு எட்டாத ஏதோ ஒண்ணு, பேரம் பேச ஆளே கிடையாது, அதுக்கு நம்ம மேல கோபங்கூட இல்ல. அந்தப் பயம் சுத்தமா கிடைக்கிறது ஆல்ஜெர்னான் பிளாக்வுட்ங்கிற ஆங்கில எழுத்தாளர் 1907-ல எழுதின 'தி வில்லோஸ்'லதான். ரெண்டு பேரு ஐரோப்பாவுல டான்யூப் ஆத்துல படகுல போறாங்க, வெள்ளத்துல ஒரு மணல் திட்டுல தங்குறாங்க, காலையில பாத்தா துடுப்பு ஒண்ணக் காணோம், இன்னொண்ண யாரோ தேச்சு மெலிசாக்கி வச்சிருக்காங்க, படகு அடியில ஒரு கீறல், மணல்ல புனல் மாதிரி குழி. அவ்ளோதான், ரத்தம் ஒரு சொட்டு இல்ல, எனக்கு அந்தத் துடுப்புதான் இன்னும் மனசுல நிக்குது. பழைய புத்தகங்கள வச்சிருக்கிற குட்டன்பெர்க் இணையதளத்துல இலவசமாவே கிடைக்கும், நாலு நாள் ரயில்ல முடிச்சிரலாம்.

அடுத்து லவ்கிராஃப்டுலயே 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்', 1927. விண்கல் விழுந்த தோட்டத்துல பழமெல்லாம் பெருசா பளபளன்னு காய்க்கும், கடிச்சா கசப்பு.

ஆனா ஒண்ணு, மனுஷன் இனவெறி பிடிச்சவரு, வெளியூர்லேருந்து பிழைக்க வந்த நம்மள மாதிரி ஆளுங்களயே 'ரெட் ஹூக்' கதையில அருவருப்பா காட்டிருப்பாரு. அதயே கறுப்பினத்து ஆள் பக்கத்துலேருந்து திருப்பிச் சொன்னது விக்டர் லவால் எழுதின 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்', 2016. ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சாதான் சூடு தெரியும்.

புதுசுல வாண்டர்மீர் எழுதின 'அனைஹிலேஷன்', 2014. நம்ம மலேசியாவுல பிறந்த கசாண்ட்ரா கோவோட 'ஹேமர்ஸ் ஆன் போன்' சின்னதுதான், பத்து வயசுப் பையன் ஒரு டிடெக்டிவ்கிட்ட போய் மாற்றாந்தகப்பன கொல்லணும்னு கேக்குறான், லண்டன்ல நடக்குது, வன்முறை ஜாஸ்தி, சாப்டுட்டுப் படிக்காதீங்க.

கத்துல்ஹுவ ஒரு லீவு நாள்ல ஒரே மூச்சா படிங்க, ரயில்ல வேணாம்.