சாரல் வரும்வரை லாட்ஜில் என்ன வேலை?

கேள்வி: குற்றாலத்தில் பன்னிரண்டு அறை லாட்ஜ் நடத்துகிறோம். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் தையோடு ஓய்ந்துவிடுகிறது. ஆனிச் சாரல்வரை ஆள் குறைவு. மராமத்தை எதில் தொடங்குவது?
– வாசகர், தென்காசி

பதில்: மொட்டைமாடியில் தொடங்குங்கள், அதுவும் மாசி, பங்குனியிலேயே. சித்திரையில் கோடைமழை வந்துவிடும். வைகாசிக் கடைசியில் கொத்தனார் கிடைக்கமாட்டார். பலர் முதலில் அறைக்குள் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். மேலே விரிசல் அப்படியே இருந்தால் சாரல் இறங்கியதும் புதுப் பெயின்ட் கொப்பளித்து உரியும், செலவு வீண்.

பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுத் தளத்தில் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. அதன்மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது.

கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான் இருக்கும். அந்த மூலையைச் சிமென்ட் கலவையால் வளைவாகப் பூசி, வலைத்துணி பதித்து, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு கொடுங்கள். விரிசல்களை 'வி' வடிவில் கால் அங்குல ஆழத்துக்குக் கீறி, பாலிமர் கலந்த கலவையால் அடையுங்கள். பூச்சு இரண்டு கை வேண்டும்: முதல் கை கிழக்கு மேற்காக, அது காய்ந்தபின் அடுத்தது வடக்கு தெற்காக. உச்சி வெயிலில் அடிக்க விடாதீர்கள். சுடும் தளத்தில் மேல்தோல் சட்டென்று காய்ந்து, உள்ளே மாட்டிய ஆவி குமிழாகக் கிளம்பும்.

ஒரு வாரம் கழித்துக் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் வையுங்கள். கீழே நனைந்த தடம் இல்லாவிட்டால் பெயின்டரைக் கூப்பிடலாம்.

அறைகள் காலியாக இருக்கும்போதே மேல்தொட்டியையும் முடித்துவிடுங்கள். தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் வடித்துவிட்டு அலசுங்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

கேள்வி: பூட்டி வைத்த அறைகளில் நாற்றம், மூட்டைப்பூச்சி. என்ன செய்வது?
– வாசகி, செங்கோட்டை

பதில்: தரை ட்ராப்பிலும் (குளியலறைத் தரையில் நீர் வடியும் வாய்க்கு அடியிலுள்ள வளைவு) கழிப்பறைக் கோப்பையிலும் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. புழங்காத அறையில் அது வற்றிவிடும். வாரம் ஒருமுறை ட்ராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஃப்ளஷ் இழுத்து, குழாய்களை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

மூட்டைப்பூச்சி பட்டினியால் சீக்கிரம் சாகாது, மாதக்கணக்கில் தாங்கும். மெத்தையை வெயிலில் போட்டாலும் சூடு ஏறாத அடிப்பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும். கட்டிலின் தலைப்பலகையைக் கழற்றி, திருகு ஓட்டைகளையும் மெத்தைத் தையலையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மைப்புள்ளி போன்ற கறுப்புத் தடம் அதன் எச்சம். மருந்து பெரும்பாலும் முட்டையைக் கொல்லாது. ஆகவே முதல் தரம் அடித்த பதினான்காம் நாள் மறுபடி அடிக்கவேண்டும். இந்த இடைவெளியில் அறையை வாடகைக்கு விடவேண்டாம். சீசனில் இதற்கு நேரம் கிடைக்காது. விரிப்பு, உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

கேள்வி: ₹1,200 அறையை ₹500-க்குத் தரலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: ஆள் வந்தால் மட்டும் ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். உதாரணமாக சலவை ₹90, மின்சாரம் ₹80, சோப்பு, துப்புரவு ₹60, ஆன்லைன் முன்பதிவுக் கமிஷன் 20 சதவீதம் என்றால் ₹100. ஆக ₹330, கையில் ₹170 நிற்கும், தரலாம். ₹300-க்கு இறங்கினால், கமிஷன் ₹60 ஆகக் குறைந்தாலும் மிஞ்சுவது பத்து ரூபாய்தான். வருகிறவர்களை ஒரே மாடியில் தங்கவைத்து, மற்ற மாடியின் மெயினை அணைத்துவிடுங்கள்.