ட்ரோம்சோவில் தெரிந்த சாம்பல் பட்டை அரோராதானா?

வட நார்வே நகரமான ட்ரோம்சோவுக்கு அரோரா (துருவ வானொளி) பார்க்கப் போய், வெறும் சாம்பல் பட்டைதான் தெரிந்தது, வழிகாட்டி ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்றவர் போனில் பச்சையாக விழுந்தது என்கிறீர்களே, அப்படியென்றால் அது அரோராதான். வழிகாட்டி ஏமாற்றவில்லை.

மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. சில நொடி திறந்திருக்கும் கேமராவுக்குப் பிடிபடும். போதாக்குறைக்கு, பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ஸ்டோர்ஸ்டைனன் மலையில் (421 மீட்டர்) ரோப்கார் நிலைய விளக்கடியிலேயே நின்றிருக்கிறீர்கள். கண் எப்படி இருட்டுக்குப் பழகும்?

நாளை விளக்குக்கு முதுகைக் காட்டி 20 நிமிடம் நில்லுங்கள், போனைத் தொடாமல். (அதுதான் கஷ்டமே!) பிறகு அந்தப் பட்டைக்குள்ளே நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பெரும்பாலும் அரோரா, மறைந்தால் மேகம். சந்தேகம் தீராவிட்டால் நைட் மோடில் ஒரு படம் எடுங்கள்.

கேபி எண் (பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பை 0 முதல் 9 வரை காட்டும் அளவு) 2தான் என்று கவலை வேண்டாம். ட்ரோம்சோ அரோரா வளையத்துக்கு (துருவத்தைச் சுற்றி அரோரா அடிக்கடி தோன்றும் பகுதி) அடியிலேயே இருக்கிற ஊர். அங்கே வில்லன் மேகம்தான். நாளையும் மூடியிருந்தால் மலையை விட்டுவிட்டு ஸ்கிபோட்ன் என்ற ஊர்ப் பக்கம் போகிற வண்டியில் ஏறுங்கள். லிங்கென் மலைகள் மழை மேகத்தை மறித்துவிடுவதால் அங்கே வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். உத்தரவாதம் மட்டும் யாராலும் தர முடியாது.