கிளினிக் அட்டையில் 28 வாரம் என்றால் எத்தனை மாதம்?

ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு கர்ப்பிணித் தங்கச்சி கேட்டிருக்கிறார்: அட்டையில் 28 வாரம், மாமியார் ஏழு மாதம் என்கிறார், எது சரி?

28-ஐ 7-ஆல் பெருக்கினால் 196 நாள். மாதத்துக்குச் சராசரி 30.44 நாள்; வகுத்தால் ஏறத்தாழ ஆறரை மாதம். நாலு வாரம் ஒரு மாதம் என்று எண்ணும்போதுதான் ஏழு வருகிறது. பிப்ரவரியைத் தவிர எல்லா மாதத்திலும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருக்கிறதே!

ஆனாலும் மாமியார் கணக்கைத் தள்ளிவிடாதீர்கள். முழுக் கர்ப்பகாலமான 40 வாரம் என்பது 280 நாள்; 28 நாள் மாதமாக எண்ணினால் அச்சொட்டாகப் பத்து. 'பத்து மாதம் சுமந்தேன்' என்பது அந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. நாட்காட்டியில் அது ஒன்பது மாதமும் ஒரு வாரமும்தான்.

எண்ணத் தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. மருத்துவமாதுவிடம் வாரத்தையே சொல்லுங்கள் தங்கச்சி.