அவன் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: என் மகனுக்கு வயது 16. தசைச்சிதைவு நோய். நடை நின்று 4 வருடமாகிறது. பேட்டரி சக்கர நாற்காலி வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஓசூரில் ஒருவர் பயன்படுத்திய நாற்காலி பாதி விலைக்கு வருகிறது என்கிறார் மைத்துனர். அதை வாங்கலாமா, அரசு தரும்வரை காத்திருக்கலாமா? மனைவிக்கு முதுகுவலி. நான் தக்காளி மண்டியிலிருந்து வீடு திரும்ப இரவு 9 மணி ஆகும். பையனும் பிடிவாதக்காரன், மதியத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு

பதில்: விலையை அப்புறம் பேசலாம். கடைசியாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்பப் படியுங்கள். பிடிவாதமா அது? மதியம் குடித்தால் மாலையில் சிறுநீர் முட்டும். அம்மாவால் தூக்க முடியாது. அப்பா வர 9 மணி. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்தப் பிள்ளை தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உங்கள் மனைவியின் முதுகுக்காக அந்த வீட்டில் எதையாவது விட்டுக்கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு நீங்கள் வைத்த பெயர் பிடிவாதக்காரன்!

ஃப்ளூரைடு நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்த மாவட்டம் நம்முடையது. தண்ணீரின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே விட்டால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வரும். இன்றைக்கே மருந்துக் கடையில் ஒரு யூரின் பாட்டில் வாங்குங்கள். உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம், தூக்க வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். 4 வருடத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மண்டி வேலையை மைத்துனர் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையைத் தூக்குவது தாய்க்கு மட்டும் எழுதி வைத்த வேலையில்லை.

இப்போது நாற்காலி. பழையது வேண்டாம். அது வேறொருவர் இடுப்புக்குச் செய்தது. இந்த நோயில் நடை நின்றபின் முதுகெலும்பு எப்படியும் வளையப் பார்க்கும். தொளதொளத்த இருக்கையில் ஒருபக்கமே சாய்ந்திருந்தால் அது இன்னும் மோசமாகும், வளைந்த முதுகு நுரையீரலை நெருக்கும். தானாக நகர்ந்து உட்கார முடியாதவனுக்கு, இருக்கை மொத்தமாகப் பின்னால் சாயும் வசதி வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். ஜாய்ஸ்டிக் அவன் விரல் எட்டும் இடத்தில், அவனிடம் மிச்சமிருக்கும் பலத்துக்கு அசைய வேண்டும்.

தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு அரசே பேட்டரி நாற்காலி தருகிறது. தருமபுரியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே மனுக் கொடுங்கள். மனு நகரும்வரை சும்மா இருக்காமல், வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்துக்கு அவனை அழைத்துப் போய் அளவெடுங்கள். 1966-இல் தொடங்கிய அந்த மையத்தை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவரைப் பற்றிப் போகும் வழியில் மகனுக்குச் சொல்லுங்கள். அங்கே டாக்டர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். எங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம் உட்கார முடியும், எது வலிக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும்.

நாற்காலி வந்தாலும் அது அவனைக் கழிப்பறையில் தூக்கி உட்கார வைக்காது. அதற்கு ஆளைத் தூக்கி இறக்கும் ஹாய்ஸ்ட் கருவி இருக்கிறது, அதையும் வேலூரில் கேளுங்கள். வாசலில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு தேவை. கதவுக்கு 32 அங்குலமாவது அகலம் வேண்டும்.

இன்று இரவு சொம்பில் தண்ணீரோடு நீங்களே அவனிடம் போய் உட்காருங்கள். அடுத்த கடிதத்தை அவன் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். உங்கள் கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்பதும் அதில் இருக்கட்டும்.