ஒரே நிலை, வெவ்வேறு மருந்து: மார்பகப் புற்றுநோய் கேள்வி-பதில்

என் தாயாருக்கும் அண்ணிக்கும் இரண்டாம் நிலைப் புற்றுநோய்தான். அண்ணிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு ஊசி போட்டார்கள். தாயாருக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் மாத்திரை மட்டுமே. செலவை எண்ணித் தவிர்த்துவிட்டார்களா?
(வாசகர், உசிலம்பட்டி)

செலவுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். நிலை என்பது கட்டியின் அளவையும் பரவலையும் சொல்லும். அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதைத் திசுவில் சாயமேற்றிப் புரதங்களைக் காணும் ஐ.எச்.சி. பரிசோதனையே சொல்லும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 சதவீதச் செல்களில் இருந்தாலும் அது பாசிட்டிவ் என்றே கொள்ளப்படும். பாசிட்டிவ் என வந்தவர்களுக்கு டமாக்சிஃபென், மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரசோல் போன்ற மாத்திரைகள் குறைந்தது 5 ஆண்டுகள் தரப்படும். அண்ணிக்குப் போட்டது டிராஸ்டுசுமாப் ஆக இருக்கலாம். ஹெர்-2 புரதம் மிகுந்த கட்டிக்கு மட்டுமே அது பயன்படும். அந்தப் புரதம் மிகாதவருக்குப் போட்டால் பணமும் இதயமும்தான் பாதிக்கப்படும். தாயாரின் அறிக்கையில் இந்த வரிகளைப் படித்துப் பாருங்கள்.

என் மனைவியின் அறிக்கையில் ஹெர்-2 '2+' என்றுள்ளது. இது பாசிட்டிவா?
(வாசகர், மேலூர்)

இன்னும் முடிவாகவில்லை. 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ என்றால் ஃபிஷ் என்னும் மரபணுப் பரிசோதனை செய்தாக வேண்டும். அதற்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த திசுவைப் பதித்து ஆய்வகத்தில் வைத்துள்ள மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்கினால் போதும். ஸ்கேன் படங்களை நெகிழிப் பையில் பத்திரமாகக் கொண்டு வருபவர்கள்கூட இந்தப் பிளாக்கை மறந்துவிடுகிறார்கள்.

சிறு மருத்துவமனையில் எடுத்த கட்டியை உறவினர் கையில் கொடுத்து மதுரைக்கு அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்தக் கட்டி தாமதமின்றி ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போடப்பட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் அதில் இருக்க வேண்டும். உப்பு நீரில் பேருந்தேறி வந்த திசுவில் ஏற்பிகள் சிதைந்து, பொய்யான நெகட்டிவ் முடிவு வரக்கூடும்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் நோய் எலும்பில் திரும்பியுள்ளது. பழைய அறிக்கை போதுமா?
(வாசகி, திருமங்கலம்)

இயன்றால் புதிய இடத்திலிருந்து பயாப்சி எடுப்பதே நல்லது, ஏற்பிகள் மாறியிருக்கலாம். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என வந்தால், ஹார்மோன் மருந்துடன், புற்றுச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்ளிப் வகை மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். 2023இல் இந்தியக் காப்புரிமை முடிந்தபின் பால்போசிக்ளிப்பின் விலை வெகுவாகக் குறைந்தது.

டிராஸ்டுசுமாப் போடும்போது எக்கோ என்னும் இதய ஸ்கேன் எதற்கு?
(வாசகர், சிம்மக்கல்)

அம்மருந்து இதயத்தின் இறைக்கும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன்பும் பின்னர் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறோம். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த எக்கோ தேதி வரை காத்திராமல் உடனே தெரிவியுங்கள்.